நட்சத்திரக் குறிக்குக் கீழே: குடும்பக் கப்பல் சுற்றுலாவின் உபரிச் செலவும் டிப்ஸும்

கப்பல் சுற்றுலா விளம்பரத்தில் விலை கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் அடிக்குப் போனால், கண்ணாடி போட்டவர்களும் இடுக்கிப் பார்க்க வேண்டிய எழுத்தில் சில சொற்கள் கிடைக்கும்: ஒருவருக்கு மட்டும், இருவர் தங்கும் அறையில், துறைமுகக் கட்டணம் தனி, வரி தனி, கிராச்சுவிட்டி தனி. புதுக்கோட்டையிலிருந்து கிளம்பும் நாலு பேர் கொண்ட குடும்பத்தின் உண்மையான செலவு கொட்டை எழுத்தில் இல்லை, இந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

கல்யாண மண்டபம் பிடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. வாடகை ஒன்று சொல்வார்கள். பிறகு கரண்ட் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, துப்புரவு தனி, கேஸ் தனி, வாட்ச்மேனுக்கு 'பார்த்துச் செய்யுங்க'. ஆனால் மண்டபக்காரரிடம் மாமாவோ சித்தப்பாவோ நின்று பேசிக் குறைக்கலாம். கப்பல் கம்பெனியிடம் அது நடக்காது. கணக்கு கணினியில் ஏறுகிறது, கார்டிலிருந்து தானாகக் கழிகிறது.

கடல் பயணம் இந்த மாவட்டத்துக்கு அந்நியமானதும் இல்லை. ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி என்று நகரத்தார் ஊர்கள் பல இங்கே உண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டித்தொழிலுக்குப் போனவர்கள் கட்டிய வீடுகள் இன்னும் அந்தத் தெருக்களில் நிற்கின்றன. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கூலி வேலைக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள் பினாங்கிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அப்படிப் போனவர்களில் பலரை ஏற்றிப்போன கப்பல் ரஜூலா. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கொடியில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு ஒரு காலத்தில் உரிமம் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள்.

நட்சத்திரக் குறி விலைக்கு நேர்மாறான ஒரு ஏற்பாடு ராமேஸ்வரம் பக்கம் இருந்தது. 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடியது. எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு தனுஷ்கோடி வழி முடிந்தது. இன்று 'போட் மெயில்' என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பெயரைச் சுமந்த ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் இன்றும் புதுக்கோட்டை வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. ஒரே டிக்கெட், ஒரே விலை என்று நூறு வருடத்துக்கு முன்பே செய்ய முடிந்ததை இன்றைய சொகுசுக் கப்பல்கள் ஏன் செய்வதில்லை என்று கேட்பதில் தவறில்லை.

இப்போது புதுக்கோட்டைக் குடும்பத்துக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சென்னை. கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்கச் சென்னையிலிருந்து கிளம்பியது. 2023 ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் சென்னை துறைமுகத்திலிருந்து இலங்கைக்கான பயணத்தைத் தொடங்கி வைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று துறைகள் சொல்லப்பட்டன. கப்பல் பயணிகளுக்காகச் சென்னையில் 17.21 கோடி ரூபாய் செலவில் பயணிகள் முனையமும் கட்டப்பட்டது. கப்பல் புதியதல்ல. 1990இல் பிரான்சில் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்டு, பிறகு ராயல் கரீபியன் கம்பெனியில் 'எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்' என்று ஓடிக் களைத்து, இந்தியாவுக்கு வந்தது. மும்பையில் மழை பிடிக்கும் மாதங்களில் கிழக்குக் கரைக்கு வருவது அதன் வழக்கம்.

இரண்டாவது வழி சிங்கப்பூர். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைக்காரர்களுக்குப் பக்கத்து வீடு. அங்கிருந்து நேராகச் சிங்கப்பூர் போய், மரினா பே கப்பல் முனையத்தில் ராயல் கரீபியன் போன்ற கம்பெனிகளின் பெரிய கப்பலில் ஏறி, பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகளில் சுற்றி வருவது. பாட்டன் டெக்கில் படுத்துப் போன அதே பினாங்குக்குப் பேரன் பால்கனி அறையில் போகிறான்.

சுற்றுலாக் கப்பல் வகையில் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய பயணிகள் கப்பல். டிக்கெட் 6,500 ரூபாய் என்றார்கள்; 18 சதவீத ஜிஎஸ்டி ஏறியதும் 7,670 ஆனது. சில நாட்களிலேயே மழைக்காலத்தைச் சொல்லி நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறு கப்பலுடன் மீண்டது. சில மணி நேரப் பயணத்துக்கே சொன்ன விலைக்கும் கட்டும் விலைக்கும் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், நாலு நாள் சொகுசுக் கப்பலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

செலவு கப்பலில் ஏறும் முன்பே ஆரம்பமாகிறது. கப்பல் பயணிக்காகக் காத்திருக்காது. ரயில் தாமதமானால் போனது போனதுதான். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளே சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய் ஓர் இரவு தங்குகிறார்கள். அந்த ஹோட்டல் எந்த விளம்பரத்திலும் வராது. திருச்சி வரை வாடகைக் கார் என்றால் டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா. சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். கப்பல் மலேசியா போய்விட்டுத் திரும்பி வருவதால் ஒருமுறை நுழைவு போதாது, பலமுறை நுழைவுக்கானதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை இலவசம். அதற்கும் காசு கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. 'டாகுமெண்டேஷன் சார்ஜ்' என்று பில்லில் ஒரு வரி சேர்க்கும் முகவர்களும் இருக்கிறார்கள்.

வரிக்கணக்கு தனிக் கதை. வெளிநாட்டுச் சுற்றுலாவை முகவர் வழியாகத் தொகுப்பாக வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டி. அதோடு டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப்பிடித்தம். 2025 ஏப்ரல் முதல் இருந்த விதிப்படி, ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இந்த விகிதத்தில் பட்ஜெட்டுகள் அடிக்கடி கைவைக்கின்றன, எனவே பணம் கட்டும் நாளில் உள்ள விகிதத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். டிசிஎஸ் போய்விடும் பணம் அல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யாத தாத்தாவின் பான் எண்ணில் பிடித்துவிட்டால், அவரை வைத்து ஒரு கணக்குத் தாக்கல் செய்யும் வரை அந்தப் பணம் அரசிடமே தூங்கும்.

அடுத்து அறைக் கணக்கு. 'மூன்றாவது, நான்காவது நபருக்குச் சலுகை', 'குழந்தைகள் இலவசம்' என்பவை பொதுவாக அறைக் கட்டணத்துக்கு மட்டுமே. துறைமுகக் கட்டணமும் வரியும் குழந்தைக்கும் உண்டு, பல கம்பெனிகளில் டிப்ஸும் உண்டு. கைக்குழந்தை என்றால் குறைந்தது ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும் என்பது பல கப்பல்களின் விதி. பாட்டிக்குத் தனி அறை எடுத்தால், அறை இருவருக்கானது என்பதால், பாட்டி ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணத்தைக் கட்ட நேரும். நம் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகின்றன. வெள்ளைக்காரத் தம்பதிகளை மனதில் வைத்துப் போட்ட விலைப்பட்டியலில் பாட்டிக்கு இடம் இல்லை.

இனி டிப்ஸ், அதாவது விளம்பரத்தின் பொடி எழுத்தில் இருந்த கிராச்சுவிட்டி.

பல பெரிய கம்பெனிகளில் இது விருப்பப்பட்டுக் கொடுக்கும் காசாக இல்லை. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறும் தொகை. ராயல் கரீபியன் அண்மை ஆண்டுகளில் சாதாரண அறைக்கு 18.50 டாலர் என்று வைத்தது, சூட் அறைக்கு 21 டாலர். கார்னிவல் என்ற இன்னொரு கம்பெனி 2023இல் 16 டாலருக்கு உயர்த்தியது, அங்கே இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கிடையாது. ராயல் கரீபியனில் வயது விலக்கே இல்லை. நாலு பேர், நாலு இரவு, 18.50 டாலர் என்று பெருக்கினால் 296 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் 25,160 ரூபாய். திருச்சி–சிங்கப்பூர் விமான டிக்கெட்டைப் பேரம் பார்த்து வாங்கி மிச்சம் பிடித்த காசு இந்த ஒரு வரியிலேயே போய்விடும். உள்நாட்டுக் கப்பலில் தொகை குறைவு. ஆனால் அங்கும் அறைக் கட்டணத்துக்குக் கீழே துறைமுகக் கட்டணம், கிராச்சுவிட்டி, ஜிஎஸ்டி என்று வரிசையாக ஏறித்தான் மொத்தம் வருகிறது.

கொடுப்பது நமக்குத் தெரியாத பழக்கமல்ல. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நவராத்திரியின்போது அரிசியோடு சேர்த்து அம்மன் காசு என்ற சின்னஞ்சிறு செப்புக் காசைத் தானமாகக் கொடுத்தார்கள். இன்றும் கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு வெளியே தட்டில் ஒரு தொகை, பந்தி முடிந்தபின் சமையல் மாஸ்டர் கையில் ஒரு தொகை, பயணம் முடிந்து இறங்கும்போது வேன் டிரைவருக்குப் பேட்டாவுக்கு மேல் ஏதாவது. இதிலெல்லாம் கொடுப்பவர் முகத்தை வாங்குபவர் பார்க்கிறார், எவ்வளவு என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்கிறார். கப்பலிலும் முன்பு கடைசி இரவில் அறைப் பணியாளருக்கும் மேசைப் பணியாளருக்கும் உறையில் போட்டுக் கொடுக்கும் வழக்கம்தான் இருந்தது. கம்பெனிகள் அதைக் கணக்கில் ஏற்றியபின், உறை போய் ரசீது வந்தது. தொகை ஒரு பொதுப்பானையில் சேர்ந்து, முகம் தெரியாத சமையலறைத் துணையாளர் வரை பிரிகிறது.

அதனால்தான் சிலர் கடைசி நாளில் விருந்தினர் சேவை மேசைக்குப் போய், 'இந்தத் தொகையை எடுத்துவிடுங்கள்' என்கிறார்கள். பல கம்பெனிகளில் அப்படிக் கேட்க வழியும் இருக்கிறது. எடுத்துவிட்ட சாமர்த்தியத்தை ஊருக்கு வந்து சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. இது சரியா?

மறுபக்கம் யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. அதன்படி ஒரு கப்பல் தொழிலாளியிடம் 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 14 மணி நேரமும் வாரத்தில் 72 மணி நேரமும் வேலை வாங்கலாம். உச்சவரம்பே இவ்வளவு. தேர்ச்சி பெற்ற மாலுமிக்கு 2025இல் பரிந்துரைக்கப்பட்ட குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 673 டாலராக இருந்தது. அறை துடைப்பவருக்கும் தட்டு எடுப்பவருக்கும் பல கப்பல்களில் வருமானத்தின் பெரும்பகுதி அந்த டிப்ஸ் வரியிலிருந்தே வருகிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் இளைஞர்கள்தான் பெரும்பாலும் அந்த வேலையில் இருக்கிறார்கள். கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பல் வேலைக்கு முயலும் பையன்கள் நம் மாவட்டத்திலும் உண்டு.

ஆகவே இந்தத் தொகை டிப்ஸ் என்ற பெயரில் பயணியின் தலையில் கட்டப்பட்ட சம்பளம். விளம்பர விலையைக் குறைத்துக் காட்ட வேண்டும், சம்பளச் செலவும் தன் புத்தகத்தில் ஏறக்கூடாது. கம்பெனிக்கு இரண்டு காரியமும் ஒரே வரியில் ஆகிவிடுகிறது. குற்றம் கம்பெனியின் கணக்கு முறையில் இருக்க, தண்டனையை அறைப் பணியாளருக்குக் கொடுப்பது நியாயமாகாது. இதை வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே மாதம் முதல் தினசரி சேவைக் கட்டணத்தைத் தூக்கிவிட்டது. வர்ஜின் வாயேஜஸ் தொடக்கத்தில் டிப்ஸைப் பயணக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கியிருந்தது. அதனால் அந்தக் கம்பெனிகள் மூழ்கிவிடவில்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? ஹோட்டலும் உணவகமும் பில்லில் தானாக சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் சாப்பிட உட்கார்ந்தவருக்கு இது கைகொடுக்கும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும், வேறொரு நாட்டில் பதிவான கப்பலில் இதைக் காட்டி வாதாட முடியாது. ஆனால் தொகுப்பை விற்றவர் இந்திய முகவர் என்றால், அவர் எதைச் சொன்னார், எதை மறைத்தார் என்பது நுகர்வோர் வழக்குக்கு உரிய விஷயம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கப்பலுக்குள் காசு கசியும் இடங்கள் வேறு. அறை அட்டையே பணப்பை என்பதால் கொடுக்கிறோம் என்ற உணர்வே இருக்காது. பஃபேயில் தண்ணீர், டீ, சாதாரண காபி இலவசம். பாட்டில் தண்ணீர், கோலா, நுரை பொங்கும் காபி, குழந்தை ஓடிப்போய்க் கேட்கும் ஐஸ் பானம் பெரும்பாலும் காசு. பானங்களின் விலையோடு 18 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகச் சேரும் கப்பல்கள் பல. அதன் பிறகும் ரசீதில் 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு காலி இடம் இருக்கும். அதை நிரப்பத்தான் வேண்டும் என்று நினைத்து நிரப்புவது நம்மவர்களின் பெருந்தன்மை. மது பேக்கேஜை ஒருவர் எடுத்தால் அதே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும் என்ற விதி சில கம்பெனிகளில் இருக்கிறது. குடிக்காத மனைவியும் குடிகாரக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். புகைப்படக்காரர் எடுப்பது இலவசம், படம் இலவசமல்ல. வீடியோ கேம் அரங்கில் பிள்ளை அட்டையைத் தேய்த்தால் அப்பா கணக்கில் ஏறும். அட்டையில் அந்த வசதியை முதல் நாளே பூட்டச் சொல்லலாம்.

போன் பெரிய ஆபத்து. கரையை விட்டு விலகியதும் கப்பலின் செயற்கைக்கோள் வழிச் செல்பேசிச் சேவையை போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக் இதற்குச் செல்லாது. நிறையப் படம் அனுப்பிவிட்டு ஊர் திரும்பியவருக்கு பில் வந்து காத்திருக்கும். ஏறியதும் விமானப் பயன்முறையில் போட்டு, வேண்டுமென்றால் வைஃபை ஒரே ஒரு போனுக்கு மட்டும் வாங்குவது போதும். மருத்துவமும் அப்படித்தான். கப்பல் மருத்துவர் காய்ச்சலுக்குப் பார்த்தாலும் பில் டாலரில் அறைக் கணக்குக்கு வரும். உள்ளூர் மருத்துவக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது, பயணக் காப்பீடு வேண்டும். இந்திய கிரெடிட் கார்டில் டாலர் தேய்த்தால் பல வங்கிகள் மூன்றரை சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் எடுக்கின்றன.

கரையில் இறங்கும்போது கம்பெனி விற்கும் சுற்றுலா எல்லா ஊரிலும் தேவைப்படாது. பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போகலாம், ஊருக்குள் இலவசப் பேருந்தும் ஓடுகிறது. லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். அம்பாந்தோட்டையில் நிலைமை வேறு. பார்க்க வேண்டிய இடங்கள் தூரத்தில் சிதறிக் கிடக்கின்றன, அங்கே கம்பெனிப் பேருந்து பாதுகாப்பு. வெளியாள் வண்டியை முன்பணம் கட்டிப் பிடித்திருந்து, கப்பல் அந்தத் துறைக்கே போகாவிட்டால் பணம் போகும். இது கற்பனையல்ல. கப்பலில் சூதாட்ட அரங்கு இருக்கிறது என்ற எதிர்ப்பால், 2022 ஜூனில் எம்பிரஸ் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி மறுக்கப்பட்டது.

மொத்தத்தில் விளம்பரத்தில் உள்ள விலையோடு அதில் பாதியைக் கூட்டி வைத்துக்கொண்டு கிளம்பும் குடும்பம் நிம்மதியாகத் திரும்பும் என்பது இந்தக் கணக்குகளைப் பார்த்தால் தோன்றும் முடிவு. அவ்வளவு ஒதுக்க முடியாதவர்கள் ஓர் இரவைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது பால்கனி அறையை விட்டு ஜன்னல் இல்லாத உள்ளறை எடுக்கலாம். டிப்ஸில் கைவைக்க வேண்டாம்.

முன்பணம் கட்டும் முன் முகவரிடம் ஒரே ஒரு தாள் கேளுங்கள்: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை, நாலு பேருக்கும், துறைமுகக் கட்டணம், வரி, டிசிஎஸ், கிராச்சுவிட்டி எல்லாம் சேர்த்து, ரூபாயில், ஒரே மொத்தத் தொகை, கையெழுத்துடன். அதைத் தர மறுப்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.